டெல்லி குளிருக்கு எந்த ஹீட்டர்: சின்ன ரூமுக்கு எது, பட்டறைக்கு எது

டிசம்பர் பாதி தாண்டிட்டா போதும், கரோல் பாக், முனிர்கா, மயூர் விஹார்னு நம்ம ஆளுங்க இருக்கிற பக்கமெல்லாம் ஒரே பேச்சுதான், எந்த ஹீட்டர் கரண்ட் கம்மியா இழுக்கும்னு. கேள்வியே கொஞ்சம் கோணல்ங்க. 800 வாட்ஸ் குவார்ட்ஸா இருக்கட்டும், ஹாலஜனா இருக்கட்டும், பதினொரு ஃபின், அதாவது தகட்டு மடிப்பு, வச்சு உள்ள எண்ணெய் அடைச்ச ஆயில் ஹீட்டரா இருக்கட்டும், உள்ள போற கரண்ட் அத்தனையும் கடைசில சூடாத்தான் மாறும், 1 யூனிட்டுக்கு 860 கிலோ கலோரி, இதுல ஒரு கம்பெனி கூட்டிக் குடுக்கவோ இன்னொரு கம்பெனி குறைச்சுக் குடுக்கவோ வழியே கிடையாது. டப்பா மேல எனர்ஜி சேவிங்னு போட்டிருந்தா, ஒரு ராட் மட்டும் எரியிற மாதிரி தனி ஸ்விட்ச் இருக்குன்னு அர்த்தம், அவ்ளோதான். வித்தியாசம் வர்ற இடமே வேற. அந்த சூடு யார் மேல விழுது, எவ்ளோ சீக்கிரம் விழுது, எந்த ஓட்டை வழியா வெளிய போகுது, இதை மட்டும் பாருங்க.

சென்னைலேந்து புதுசா வர்றவங்க வீட்டுக்குள்ள போயிட்டா குளிர் விட்டுடும்னு நினைச்சுக்கிட்டு வருவாங்க. இங்க வீடுங்க எல்லாம் மே மாச வெயிலுக்கே சரியா கட்டல, குளிருக்கு எங்க கட்டினாங்க. செங்கல் சுவர், மேல காங்கிரீட், கீழ மார்பிள் இல்ல மொசைக், ஜன்னல் ஒட்டி சாத்தாது. ஜனவரில ராத்திரி 4, 5 டிகிரிக்கு இறங்கும், மூடுபனி நாள்ல பகல்லயே 15 தாண்டாது, அப்படி நாலு நாள் தொடர்ந்து இருந்துச்சுன்னா சுவர் மொத்தமும் ஜில்லுன்னு ஊறிப்போயிடும். அப்புறம் ரூம் காத்தை 18 டிகிரிக்கு கொண்டு வந்தாலும் குளிரும், ஏன்னா நம்ம உடம்புல இருக்கிற சூடு அந்த சுவரை நோக்கி கதிரா போயிட்டே இருக்கு. பர்சாதில, அதாவது மொட்டை மாடி ரூம்ல இருக்கிறவங்களுக்கு இது நல்லாவே தெரியும், மூணு பக்கம் சுவர் வெளிக்காத்துல நிக்குது, தலைக்கு மேல கூரையும் அப்படியே.

ரேடியன்ட் ஹீட்டர் வேலை செய்யறது இந்த இடத்துலதான். குளிர்காலத்துல மொட்டை மாடில வெயில் காயற மாதிரி, சுத்தி காத்து ஜில்லுன்னுதான் இருக்கும், ஆனா வெயில் பட்ட முதுகு சுகமா இருக்கும். சிவப்பா எரியிற ராடுலேந்து கிளம்புற கதிர் காத்தை சூடாக்கிக்கிட்டு வராது, நேரா உங்க மேல, நாற்காலி மேல, மேஜை மேல விழுந்து அங்கதான் சூடாகும். அதனால கதவு திறந்து மூடினாலும் கவலை இல்ல, ஆன் பண்ணின நிமிஷமே தெரியும். பதிலுக்கு ரெண்டு விஷயத்தை ஏத்துக்கணும். அது பார்க்கிற பக்கம் மட்டும்தான் சூடு, நடுவுல நாற்காலி முதுகு வந்தாக்கூட போச்சு. அப்புறம் தூரம், கொஞ்சம் தள்ளிப் போகப் போக தடாலடியா குறையும், ஒரு மீட்டர்ல இருந்ததை ரெண்டு மீட்டருக்கு தள்ளினா கால்வாசிக்கிட்ட வந்து நிக்கும், அதனால பத்தடிக்கு அந்தப் பக்கம் கட்டில்ல படுத்திருக்கிறவருக்கு அது வெறும் சிவப்பு லைட்டுதான்.

ரேடியன்ட்னு சொல்றதுக்குள்ளயே நாலு வகை விக்குது. பழைய மாடல் ஒண்ணு, பீங்கான் ராடு மேல நிக்ரோம் கம்பி சுத்தி பின்னாடி பளபளன்னு ஒரு வளைஞ்ச தகடு, பெரும்பாலும் 1000 வாட்ஸ். சூடாக கொஞ்ச நேரம் எடுக்கும், ஆனா வருஷக்கணக்கா உழைக்கும், கம்பி அறுந்தா எந்த எலக்ட்ரீஷியனும் மாத்திக் குடுத்துடுவார், ராடு சாந்தினி சௌக் பக்கத்துல பாகீரத் பேலஸ்ல சல்லிசா கிடைக்கும். கம்பி வெளிய தெரியிறதால குழந்தை இருக்கிற வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். அடுத்தது குவார்ட்ஸ், பால் மாதிரி வெள்ளையா இருக்கிற குழாய்க்குள்ள அதே கம்பிச் சுருள், 400 வாட்ஸ் ரெண்டு, ஆக 800. ஆயிரம் ஆயிரத்தைநூறுக்குள்ள கிடைக்கும், அரை நிமிஷம் ஒரு நிமிஷத்துல சிவந்துடும். டெல்லில அதிகமா ஓடுறது இதுதான், அதுக்குக் காரணமும் இருக்கு, சாதாரண பிளக்ல ஓடும், தூக்கிக்கிட்டுப் போகலாம். இதுல ஒண்ணு கவனிங்க, எரியும்போது நகர்த்தாதீங்க, சிவந்திருக்கிற சுருள் மெத்துன்னு இருக்கும், ஆட்டினா ஒரு பக்கமா தொய்ஞ்சு அங்க மட்டும் அதிகமா சூடாகி ஒரு நாள் பட்டுன்னு போயிடும்.

ஹாலஜன் மூணு ட்யூப், 400 மூணு தடவை 1200. ஸ்விட்ச் போட்ட ரெண்டு செகண்ட்ல முழு சூடு, ஆனா முழு வெளிச்சமும் கூடவே வரும், ராத்திரி படிக்கிற பையனுக்கு கண்ணு கூசும், அதை வச்சுக்கிட்டு தூங்கவும் முடியாது. ட்யூப் மாத்தும்போது வெறும் கையால தொடக்கூடாது, விரல்ல இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டின இடம் சூட்டுல வெள்ளையா பூத்துப் போயி ட்யூப் அங்கயே விரிசல் விடும், துணில பிடிங்க. மூணுல ஒண்ணை மட்டும் எரியவிட்டா 400 வாட்ஸ், கால் பக்கமா திருப்பி ஒரு மீட்டர் தள்ளி வச்சுக்க அது தாராளம். கார்பன் ஹீட்டர் கொஞ்சம் விலை ஜாஸ்தி, ரெண்டாயிரத்தைநூறு மூவாயிரம் ஆகும். வெளிச்சம் ஆரஞ்சா மங்கலா இருக்கும், ஹாலஜன் அளவுக்கு உறுத்தாது, அதோட கதிர் தோல் மேல்புறத்துலயே நல்லா உறிஞ்சுக்கிற ரகம்ங்கிறதால அதே வாட்ஸுக்கு கொஞ்சம் சுகமா தோணும். சுவத்துல மாட்டுற சிவக்காத பேனல்களும் வருது, அழகா இருக்கு, பாதி கதிர் பாதி காத்து, வாடகை வீட்டுக்கு யோசிச்சு வாங்குங்க.

ரேடியன்ட் இல்லாத மத்ததையும் பார்த்துடலாம், இல்லன்னா ஒப்பிட்ட மாதிரியே இருக்காது. ப்ளோயர், 1000க்கும் 2000க்கும் ஸ்விட்ச், விலை கம்மி, சத்தம் ஜாஸ்தி, மூடின சின்ன ரூமை பத்து நிமிஷத்துல கதகதன்னு ஆக்கிட்டு ஆஃப் பண்ணின கையோட ஆறிப்போயிடும். ஆயில் ஹீட்டர் ஏழாயிரத்துலேந்து பதினாலாயிரம் வரைக்கும் போகும், சூடாகவே இருபது முப்பது நிமிஷம், ஆனா சூடு போதும்னா தானே நிறுத்தி, குறைஞ்சா தானே ஓட்டுற தெர்மோஸ்டாட் இருக்கு, வெளிச்சம் இல்ல, சத்தம் இல்ல, எரியிற பொருள் எதுவும் வெளிய இல்ல, ராத்திரி முழுக்க ஓடணும்னா இதுக்கு ஈடு இல்ல. ஹாட் அண்ட் கோல்ட் இன்வெர்ட்டர் ஏசி ஒண்ணு மட்டும்தான் நிஜமாவே கரண்ட் மிச்சம் பண்றது, அது சூட்டை உண்டாக்கறதில்ல, வெளிக்காத்துல இருக்கிறதை இழுத்து உள்ள தள்ளுது, அதனால 1 யூனிட்டுக்கு கிட்டத்தட்ட 3 யூனிட் சூடு கிடைக்கும். சொந்த வீடு, கோடைக்கும் ஏசி வாங்கித்தான் ஆகணும்னா இதை விட்டுடாதீங்க. மத்தவங்க தொடர்ந்து படிங்க.

ஓல்ட் ராஜிந்தர் நகர்ல யூபிஎஸ்சி படிக்க வந்திருக்கிற நம்ம பசங்க இருக்கிற ரூம் எப்படி இருக்கும்னு தெரியும், எட்டுக்கு எட்டு, பிளைவுட் தடுப்பு, ஒரு மேஜை, ஒரு கட்டில், அதுக்கு நடுவுல கால் வைக்கிற அளவுக்கு இடம். ஒரே ஆள், ஒரே நாற்காலி, அஞ்சு ஆறு மணி நேரம் அசையாம உக்காருறது. ரேடியன்டுக்கு இதைவிட பொருத்தமான ஆள் கிடையாது. குவார்ட்ஸ்ல ஒரு ராட், 400 வாட்ஸ், பக்கவாட்டுல ஒரு மீட்டர் தள்ளி முழங்கால் உயரத்துக்கு சாய்ச்சு வச்சா போதும். மேஜைக்கு அடியில வைக்கிற பழக்கம் வேண்டாம். தினம் தினம் கெண்டைக்கால் பக்கத்துலயே எரிஞ்சா தோல்ல வலை பின்னின மாதிரி பழுப்புத் திட்டு வரும், வலிக்காது, அதனால லேட்டாத்தான் பார்ப்பாங்க. ரஜாய், அதாவது பஞ்சுப் போர்வை, தொங்கிக்கிட்டிருக்கிற கட்டிலுக்கும் ஹீட்டருக்கும் மூணு அடி கண்டிப்பா இருக்கணும், எட்டுக்கு எட்டுல அந்த மூணு அடி கிடைக்கலன்னா ரேடியன்ட் வாங்காதீங்க, ஆயில்ல சின்னது பாருங்க. படுக்கும்போது ஆஃப் பண்ணிட்டுத்தான் படுக்கணும், இதுல பேச்சே இல்ல.

ஊர்லேந்து அப்பா அம்மா வந்து ஜனவரி முழுக்க தங்குறாங்கன்னா கணக்கு மாறிடும். அவங்க நடப்பாங்க, பூஜை பண்ணுவாங்க, ராத்திரி மூணு தடவை எழுந்திருப்பாங்க, ஒரு மூலைல இருக்கிற சிவப்பு ராட் எந்த உபயோகமும் இல்ல. சர்க்கரை இருந்து காலு மரத்துப் போனவங்களுக்கு ரேடியன்டை கிட்ட வைக்கறது ஆபத்து, சுடுறதே தெரியாது. அவங்களுக்கு ஆயில்தான். பத்துக்கு பத்து ரூமுக்கு நானே ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன், ரெண்டு வெளிச்சுவர், மேல மொட்டை மாடி, ஒரு ஜன்னல், வெளிய இருக்கிறதைவிட உள்ள 10 டிகிரி கூட வேணும்னா சுவர் வழியா ஒரு 400 வாட்ஸ் போகுது, கூரை வழியா 300, ஜன்னல் கண்ணாடிலயும் சந்துலயும் ஒரு 150. ஆக 850 வாட்ஸ் ஓடிட்டே இருந்தா அந்த சூடு நிக்கும். அப்ப எதுக்கு 2000, 2500 வாட்ஸ் வாங்கறதுன்னா, ஜில்லுன்னு ஊறின சுவரை முதல்ல சூடாக்கறதுக்கு, அதுக்கப்புறம் தெர்மோஸ்டாட் விட்டு விட்டுத்தான் ஓட்டும். ஜன்னல் சந்துல நூறு ரூபாய் நுரை டேப் ஒட்டி, தரைல ஒரு தரி, அதாவது ஜமுக்காளம், விரிச்சுட்டு அப்புறம் ஹீட்டர் சைஸ் முடிவு பண்ணுங்க.

ஹீட்டர் ஆக்ஸிஜனை குடிச்சுடும்னு ஒரு பேச்சு எல்லா வீட்டுலயும் இருக்கு. கரண்ட்ல ஓடுற எதுவும் ஆக்ஸிஜனை எரிக்காது. எரிக்கறது அங்கீட்டி, கரி அடுப்பு, மூடின ரூம்ல அதை வச்சுத் தூங்கி கார்பன் மோனாக்ஸைடுல போன குடும்பங்கள் ஒவ்வொரு குளிர்லயும் பேப்பர்ல வருது. எலக்ட்ரிக்ல நடக்கறது வேற, காத்து சூடாகும்போது அதுல இருக்கிற அதே ஈரப்பதம் போதாததா ஆயிடுது, அதனால உதடு வெடிக்கும், மூக்கு காயும். ஆயில் ஹீட்டர்ல காயாதுன்னு கடைக்காரர் சொல்வார், ரூம் அதே 20 டிகிரிக்கு வந்தா அதே அளவுதான் காயும், ஆனா ரேடியன்டும் ப்ளோயரும் மூஞ்சிக்கு நேரா அடிக்கறதால சீக்கிரம் தெரியும். காலனி வாட்ச்மேன் விறகு போட்டு எரிக்காம இருக்க எலக்ட்ரிக் ஹீட்டர் வாங்கிக் குடுங்கன்னு காத்து மாசு கூடிப்போற நாட்களுக்கான ஜிராப் விதிலயே அசோசியேஷன்களுக்கு சொல்லியிருக்கு, அந்த நாலடி கேபினுக்கு குவார்ட்ஸ் 800 கச்சிதம். பாத்ரூம்ல பிளக்ல போடுற ஹீட்டரே வேண்டாம், குளிக்கறதுக்கு முன்னாடி வாசல்லேந்து ப்ளோயரை பத்து நிமிஷம் உள்ள திருப்பிட்டு எடுத்துடுங்க.

இப்ப பில். குவார்ட்ஸ் 800 வாட்ஸ் தினம் 5 மணி நேரம்னா மாசம் 120 யூனிட். ஆயில் 2000 வாட்ஸ் ராத்திரி 9 மணி நேரம், பாதி நேரம்தான் நிஜமா இழுக்குதுன்னு வச்சுக்கிட்டாலும் 270 யூனிட். டெல்லில இது வெறும் யூனிட் கணக்கு இல்ல, 2019 ஆகஸ்ட்லேந்து 200 யூனிட் வரைக்கும் பில்லே இல்ல (2022 அக்டோபர்லேந்து சப்ஸிடி வேணும்னு எழுதிக் குடுத்தவங்களுக்கு மட்டும்), 201லேந்து 400 வரைக்கும் பாதி சப்ஸிடி, அதுவும் 800 ரூபாய் வரைக்கும், 400 தாண்டினா ஒண்ணும் கிடையாது. குளிர்ல கீசர் ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்த்து 180 ஓடுற வீடு குவார்ட்ஸ் சேர்ந்தா 300ல நிக்கும், ஆயில் சேர்ந்தா 450. 300க்கு யூனிட் காசு மட்டும் 1050, அதுல சப்ஸிடி வேற வரும். 450க்கு 1825, சப்ஸிடி பூஜ்யம், ரெண்டுக்குமே மேல ஃபிக்ஸட் சார்ஜ், சர்சார்ஜ், வரின்னு வேற ஏறும். அதனால பெரியவங்க ரூம்ல ஆயில் வச்சுட்டு நீங்க லேப்டாப் முன்னாடி குவார்ட்ஸ் வச்சுக்கறதுதான் சரி, வீடு முழுக்க ஆயில் போடறது இல்ல. வீட்டுக்காரர் சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு இவ்ளோன்னு வாங்குற இடத்துல இந்த 200, 400ங்கிற ஸ்லாப் எதுவும் உங்களுக்கு உதவாது, முதல்ல அந்த ரேட்டைக் கேளுங்க.

பட்டறைக்கு வருவோம், நான் எழுத நினைச்சதே இதுக்காகத்தான். ஓக்லாவோ நராயணாவோ மாயாபுரியோ, ஷட்டர் பாதி தூக்கிதான் இருக்கும், சரக்கு வரும் போகும், மேல தகரம். வீட்டு ரூமுக்கு போட்ட அதே கணக்கை இங்க போட்டா, ஒரு 60 கன மீட்டர் இடத்துல மணிக்கு பத்து தடவை காத்து மாறுதுன்னா அந்தக் காத்தை 10 டிகிரி ஏத்த மட்டுமே 2000 வாட்ஸ் வேணும், சுவரும் தகரமும் அப்புறம்தான். ப்ளோயர் வச்சவங்க ரோட்டை சூடாக்கிக்கிட்டு இருக்காங்க. இங்க ஆளை மட்டும் சூடாக்கணும், அதுவும் அவர் நிக்கிற இடத்துல.

நராயணால நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர் டை வேலை, அதாவது இரும்பு அச்சு செய்யற வேலை பண்றார், கோயமுத்தூர்க்காரர், காலைல எட்டு மணிக்கு வைஸ்ல, அதான் பீஸை இறுக்கிப் பிடிக்கிற இடுக்கில, கை வச்சா இரும்பு சுரீர்னு கடிக்கும்னு சொல்வார். அவர் ஹீட்டரை தரைல வைக்கல, சுவத்துல மாட்டறதுக்குன்னே வர்ற 1500 வாட்ஸ் ட்யூப் ஹீட்டர் ஒண்ணை பெஞ்சுக்கு மேல ஏழடில, ஆள் நிக்கிற இடத்துக்கு எதிர்ப்புறமா சாய்ச்சு மாட்டியிருக்கார். முதுகுப் பக்கம் மாட்டினா முதுகு வேகும், கை விறைக்கும். முன்னாடி மேலேந்து சாய்வா வந்தா கை, முகம், பெஞ்சு, வைஸ் எல்லாம் அந்தக் கதிர்ல இருக்கும், அரை மணில வைஸே தொடுற மாதிரி ஆயிடும். ஆனா அளவு எடுக்கிற மேஜையை அந்தக் கதிர்லேந்து தள்ளி வச்சிருக்கார், அது ரொம்ப சரி. ஸ்டீல் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 11, 12 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) நீளும், 100 மில்லிமீட்டர் பீஸ் 10 டிகிரி சூடாச்சுன்னா 11 மைக்ரானுக்கு மேல கூடிடும், மைக்ரோமீட்டர் ஒரு பக்கம் மட்டும் காய்ஞ்சா அது வேற தப்பு காட்டும். டாலரன்ஸ், அதாவது அளவுல விடுற வித்தியாசம், இறுக்கமா இருக்கிற வேலைன்னா இது விளையாட்டு இல்ல.

இந்த மாதிரி மாட்டறதுக்கு தூசி தண்ணி தாங்கும்னு ஐபி நம்பர் போட்ட பீஸா பாருங்க, ஐபி55ன்னு இருந்தா பட்டறைக்கு நல்லது. தரைல வைக்கிற வீட்டு மாடலை கம்பி போட்டு கட்டித் தொங்கவிடாதீங்க, அதுல சாஞ்சா ஆஃப் ஆகுற ஸ்விட்ச் அடியில இருக்கு, தொங்கவிட்டா ஒண்ணு எரியாது, இல்ல யாராவது அதை ஷார்ட் பண்ணி எரிய வைப்பாங்க, ரெண்டாவதுதான் பயம். கிரைண்டர் பொறியும் தூசியும் பின்னாடி தகட்டுல படிஞ்சா சூடு பாதி அங்கயே நின்னுடும், ஆறினப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை உலர்ந்த துணில துடைச்சா போதும்.

கீர்த்தி நகர் பக்கம் மர வேலை, பாலிஷ் வேலைன்னா நான் மேல சொன்னது எதுவும் செல்லாது. தின்னர் வாடை இருக்கிற இடத்துல சிவந்து எரியிற எதுவும் கூடாது, ஆயில் ஹீட்டர்கூட கூடாது, அதோட தெர்மோஸ்டாட் டிக்குன்னு விழும்போது உள்ள ஒரு பொறி வரும். பாலிஷ் ரூம் தனி, அங்க ஹீட்டரே இல்ல, ஸ்வெட்டர் போட்டுக்க வேண்டியதுதான். அறுக்கிற இடத்துல மரத்தூள் ராடு மேல விழுந்து கருகும், அங்கயும் ரேடியன்ட் வேண்டாம். ஒட்டுற வேலை மட்டும் ஒரு மூடின மூலைல, ஆயில் ஹீட்டரோட வச்சுக்கலாம், ஏன்னா வெள்ளைப் பசை 10 டிகிரிக்கு கீழ சரியா பிடிக்காது, காய்ஞ்சாலும் சுண்ணாம்பு மாதிரி பொடிஞ்சு ஜாயின்ட் விட்டுடும். தையல் கடை, மொபைல் ரிப்பேர், சின்ன எலக்ட்ரானிக்ஸ் பெஞ்சுக்கு எல்லாம் கார்பன்தான் என் ஓட்டு, வெளிச்சம் கண்ணுல அடிக்காது, துணியும் கதிரும் மூணு அடி தள்ளி இருந்தா சரி.

எதை வாங்கினாலும் பிளக் பாயின்ட்டைப் பார்த்துட்டு கடைக்குப் போங்க. சின்ன சாக்கெட் 6 ஆம்பியர், 230 வோல்ட்ல 1380 வாட்ஸ், அதனால குவார்ட்ஸும் 1200 ஹாலஜனும் அதுல ஓடும். 2000 வாட்ஸ்னா 8.7 ஆம்பியர், பெரிய 16 ஆம்பியர் சாக்கெட்டுதான், பின்னாடி 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் போயிருக்கணும். பெரிய பின்னை சின்ன சாக்கெட்டுல சொருக ஒரு கன்வெர்ட்டர் பதினஞ்சு இருபது ரூபாய்க்கு விக்கிறாங்க, டெல்லி குளிர்ல தீப்பிடிக்கிறதுக்கு அதைவிட சுலபமான வழி இல்ல. எக்ஸ்டென்ஷன் போர்டுலயும் வேண்டாம். கால் மணி ஓடினப்புறம் ஆஃப் பண்ணி பிளக்கை தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியலன்னா சாக்கெட் லூஸ், மாத்துங்க. கீசரும் ஆயிலும் ஒண்ணா ஓடி சாங்ஷன் லோடை, அதாவது உங்க கனெக்‌ஷனுக்கு கரண்ட் கம்பெனி அனுமதிச்ச அளவை, மாசக்கணக்குல தாண்டினா மீட்டர்ல மேக்ஸிமம் டிமாண்டா பதிவாகும், அப்புறம் லோடை ஏத்திட்டு அந்த ஃபிக்ஸட் சார்ஜை ஜூன்லயும் வாங்குவாங்க. பட்டறைல த்ரீ ஃபேஸ் இருந்தா ரெண்டு மூணு ஹீட்டரையும் ஒரே ஃபேஸ்ல போடாம பிரிச்சுப் போடச் சொல்லுங்க.

கடைல ஐஎஸ்ஐ மார்க் இருக்கான்னு பாருங்க, அப்புறம் அங்கயே எரிய விடச் சொல்லுங்க. ரெண்டு ராடும் ஒரே சிவப்பா இருக்கணும், ஒண்ணு மங்கலா இருந்தா வேற பீஸ் கேளுங்க. லேசா சாய்ச்சா உடனே அணையணும். முன்னாடி வலை விரல் நுழையாத அளவுக்கு நெருக்கமா இருக்கணும், வயர் குறைஞ்சது அஞ்சு அடியாவது வேணும், பிளக்ல மூணாவது பின் இருக்கணும். முதல் தடவை வீட்டுல போடும்போது ஒரு வாடையும் கொஞ்சம் புகையும் வரும், அது மேல இருக்கிற எண்ணெய் எரியிறது, ஜன்னலைத் திறந்து வச்சு அரை மணி ஓட்டினா நின்னுடும், மறுநாளும் வந்தா பில்லோட போய் மாத்திடுங்க.